கோட்டுக்கு வடக்கே கோதுமை

அன்புள்ள ஐயா,

போன மாதம் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஃபரினாவுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். ஆளில்லாத ஊர். தரைக்கடியில் இருக்கும் பழைய அடுமனையில் தன்னார்வலர்கள் சுட்ட ரொட்டியைச் சாப்பிட்டோம். இவ்வளவு நல்ல கல்வீடுகளைக் கட்டிவிட்டு ஏன் விட்டுப்போனார்கள்? விடாமுயற்சி போதவில்லையோ? அந்தக் காலத்தில் அங்கே சரக்கு ஏற்றி ஒட்டகம் ஓட்டியவர்களில் தமிழர்கள் உண்டா? இதை நாவலாக எழுத ஆசை.

எஸ்., அடிலெய்ட்

அன்புள்ள எஸ்.,

ஒட்டகத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஓட்டியவர்கள் ஆப்கானிஸ்தான், பலுசிஸ்தான், சிந்து, பஞ்சாப் பக்கத்துக்காரர்கள். ஃபரினா இடுகாட்டில் அவர்களுக்கென்று தனிப்பகுதியே இருக்கிறது. போகிற இடமெல்லாம் தமிழன் தடம் தேடுவதை விடுங்கள்.

ரொட்டியின் மேலோடு உடையும் சத்தத்தை எழுதியிருந்தீர்களே, அருமை. ஆனால் அடுத்த வரியிலேயே 'விடாமுயற்சி போதவில்லையோ' என்கிறீர்கள். ஏசி காரில் போய் இறங்கி, ரொட்டியும் தின்றுவிட்டு, செத்தவர்களுக்கு மதிப்பெண் போடுகிறீர்கள்! கொஞ்ச நாளாக கோய்டர் கோடுதான் என் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. சரியாக வந்து மாட்டினீர்கள்.

ஜார்ஜ் கோய்டர் அன்றைய தெற்கு ஆஸ்திரேலியக் காலனியின் தலைமை நில அளவையாளர். வறட்சி எதுவரை தாக்கியிருக்கிறது என்று 1865-ல் குதிரையில் அலைந்து பார்த்து வரைபடத்தில் கோடு போட்டார். தெற்கே கோதுமை விதைக்கலாம், வடக்கே ஆடு மேய்ப்பதோடு சரி. மழைக்கணக்கு பெரிதாக ஒன்றும் கையில் இல்லை. செடிகொடியைப் பார்த்தே போட்ட கோடு அது. மல்லீ என்ற குட்டை யூகலிப்டஸ் மரங்கள் முடிந்து சால்ட்புஷ் என்ற உப்புப்புதர் தொடங்கும் இடம். ஓரூரூ என்ற ஊருக்கு வடக்கே, கூரை போன ஒரு வீட்டோரம் அந்த சால்ட்புஷ் இலையை நான் கிள்ளி மென்றிருக்கிறேன். சாம்பல் பூத்த சின்ன இலை, கடித்ததும் உப்பு கரித்தது. சுவரில் கணப்பு இருந்த இடத்தில் கரி இன்னும் ஒட்டியிருந்தது.

1872-ல் சட்டமே அந்தக் கோட்டை ஏற்றது. அதற்குத் தெற்கேதான் கடனுக்கு நிலம். பிறகு சில வருடம் நல்ல மழை. உடனே கோய்டர் கேலிப்பொருளானார். ஏர் போகிற இடத்துக்கு மழை பின்னாலேயே வரும் என்று ஒரு தத்துவம் வேறு! 1874-ல் கட்டுப்பாட்டைத் தூக்கினார்கள். 1878-ல் ஃபரினா பிறந்தது, கோட்டுக்கு 200 கிலோமீட்டருக்கும் அப்பால்.

1880-களின் தொடக்கத்தில் வறட்சி வந்தது. தவணைக்கு நிலம் வாங்கியவன் கடனோடு நின்றான். அவனா விடாமுயற்சி இல்லாதவன்? அந்தப் பாறை நிலத்தில் கல் பொறுக்கிச் சுவர் வைத்தவனய்யா அவன். அரசாங்கத்திடம் வரைபடம் இருந்தது, எச்சரித்த அதிகாரியும் சம்பளத்தில் இருந்தார். தெரிந்தே விற்றார்கள். மழை பொய்த்தது என்றும் தயவுசெய்து எழுதாதீர்கள். அங்கே எப்போதும் பெய்கிற மழைதான் பெய்தது.

1882-ல் ரயில் வந்ததால் ஊர் தப்பிப் பிழைத்தது. இரண்டே வருடத்தில் தண்டவாளம் வடக்கே இன்றைய மாரீ வரை நீண்டதும் வியாபாரமும் அதன் பின்னாலேயே போனது. அதற்கப்புறம் பல பத்தாண்டுகள் தேய்ந்த கதை.

நாவலை எழுதுங்கள். அடுமனையில் தொடங்க வேண்டாம், அடிலெய்ட் நாடாளுமன்றத்தில் 1874-ல் தொடங்குங்கள். விவாதக் குறிப்புகள் உங்கள் ஊர் மாநில நூலகத்திலேயே இருக்கின்றன. 'யாருமற்ற நிலம்' என்று மட்டும் எங்கும் எழுதிவிடாதீர்கள். ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரின் வடபகுதி அத்னியமத்தனா என்ற பழங்குடி மக்களுடையது. அவர்கள் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள், போய்ப் பேசுங்கள்.