ஊடகம் படிப்போர் கேள்விகள்

உயர்தரத்தில் தமிழ், புவியியல், தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் எடுத்தேன். பத்திரிகைத் துறை படிக்க விருப்பம். கிழக்கிலேயே இடமுண்டா? விண்ணப்பத்தில் எதை முதலில் போடுவது?
– வாசகி, களுவாஞ்சிகுடி

இடமுண்டு. கிழக்குப் பல்கலைக்கழகம் என்றதும் எல்லோருக்கும் பிரதான வளாகம் உள்ள வந்தாறுமூலைதான் நினைவுக்கு வரும். ஆனால் தொடர்பாடல் கற்கைகள் தனிநெறியாக நடப்பது அதன் திருகோணமலை வளாகத்தில், கோணேசபுரியில். தினமும் வீட்டிலிருந்து போய்வரும் தூரமல்ல, விடுதிச் செலவையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இசை, நடனம், நாடகம், காட்சிக்கலை ஆகியவற்றுக்கானது. செய்தித்தொழிலை நினைத்து அதைத் தெரிவு செய்யாதீர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் துறை இருக்கிறது. களனியிலும், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் ஹொறணை ஸ்ரீபாலி வளாகத்திலும் வெகுசனத் தொடர்பாடல் கற்பிக்கிறார்கள். அவற்றைப் போடுமுன் நெறி எந்த மொழிமூலத்தில் நடக்கிறது என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் பாருங்கள்.

வரிசை பற்றி: உங்கள் இசட் புள்ளி (உயர்தரப் பெறுபேற்றைத் தரப்படுத்திய புள்ளி) போதுமானதாக உள்ள தெரிவுகளில் எது மேலே இருக்கிறதோ அதுதான் கிடைக்கும். போன வருட வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பயந்து, விரும்பியதைக் கீழே தள்ளுவதுதான் பலர் செய்யும் பிழை. கிடைக்காத ஒன்றை முதலில் போட்டதால் இரண்டாவது தெரிவு பறிபோவதில்லை. ஆகவே உண்மையான விருப்பத்தின்படியே எழுதுங்கள். சில நெறிகளுக்கு உளச்சார்புப் பரீட்சை உண்டு. அதற்கு அந்தப் பல்கலைக்கழகம் தனியாக விண்ணப்பம் கோரும், முடிவுத் திகதியும் வேறாக இருக்கும். அதைத் தவறவிட்டால் எவ்வளவு புள்ளி இருந்தும் பயனில்லை.

முதலாம் வருட ஒப்படைக்கு வெள்ளச் செய்தி எழுதினேன். "சீரற்ற காலநிலை காரணமாக படுவான்கரையில் வரலாறு காணாத வெள்ளத்தால் பல ஏக்கர் வயல்கள் பாதிக்கப்பட்டு விவசாயிகள் பெரும் கவலையடைந்துள்ளனர்" என்று தொடங்கினேன். "இதில் செய்தியே இல்லை" என்று விரிவுரையாளர் திருப்பித் தந்துவிட்டார். என்ன பிழை?
– மாணவர், கொக்கட்டிச்சோலை

தம்பி, அந்த ஒரு வசனத்தில் ஐந்து பிழை இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம், ஏனென்றால் மாரி வந்தால் நம் மட்டக்களப்பு மாவட்டச் செய்திகளில் பாதி இப்படித்தான் வருகிறது.

இரண்டு நாள் மழை வானிலை. பல ஆண்டுகளின் போக்கே காலநிலை. "சீரற்ற காலநிலை" என்று பத்திரிகைகளே எழுதினாலும் அது பிழைதான். "வரலாறு காணாத" என்று எழுத வரலாற்றைப் பார்த்திருக்க வேண்டும். 1978 நவம்பர் 23 சூறாவளியையும் 2011 ஜனவரி வெள்ளத்தையும் கண்டவர்கள் அதே ஊரில் இருக்கிறார்கள். குளத்தின் நீர்மட்டப் பதிவோ மழைப்பதிவோ கையில் இல்லாமல் அந்தச் சொல்லைத் தொடாதீர்கள்.

"பல ஏக்கர்" எத்தனை ஏக்கர்? வட்டவிதானையிடம் (வயல்களின் நீர்ப்பாய்ச்சலைப் பார்க்கும் விவசாயிகளின் பிரதிநிதி) கேட்டால் தன் கண்டத்தின், அதாவது தன் பொறுப்பிலுள்ள வயற்பரப்பின், விதைப்புக் கணக்கைச் சொல்வார். கமநல சேவை நிலையத்தில் கேட்டால் தங்கள் பிரிவின் மொத்தத்தைச் சொல்வார்கள். இரண்டையும் வாங்குங்கள். வேறுபட்டால் இரண்டையும் சொன்னவர் யார் என்பதோடு எழுதுங்கள், சராசரி எடுக்காதீர்கள். அலகைக் கட்டாயம் கேளுங்கள்: ஒரு ஹெக்டயர் ஏறக்குறைய 2.47 ஏக்கர். ஹெக்டயரில் தந்த எண்ணை ஏக்கர் என்று போட்டால் சேதம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

"பாதிக்கப்பட்டது" என்ற சொல்லும் மழுப்பல்தான். மூழ்கிய வயல் எல்லாம் அழிந்த வயல் அல்ல. விதைத்து ஒரு மாதப் பயிரா, கதிர் தள்ளும் பயிரா, தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்பதைப் பொறுத்து விளைவு மாறும். வெள்ளம் நிற்கும்போது "மூழ்கியது" என்று மட்டுமே எழுத முடியும். அழிவுக் கணக்கு தண்ணீர் வடிந்த பிறகுதான், அதாவது திரும்பவும் போக வேண்டும். அந்த இரண்டாவது பயணத்தைச் செய்பவர் மிகக் குறைவு. நல்ல செய்தி பெரும்பாலும் அங்கேதான் கிடக்கிறது.

மழை அளவும் அப்படித்தான். வளிமண்டலவியல் திணைக்களத்தின் நாளாந்த மழைவீழ்ச்சி காலை 8.30 வரையான 24 மணித்தியாலத்துக்குரியது. அதை "நேற்றுப் பெய்த மழை" என்று எழுதினால் நாள் பிசகும். உன்னிச்சைக் குளத்தின் வான்கதவு (மேலதிக நீரை வெளியேற்றும் கதவு) திறந்தது செய்தியானால் எத்தனை கதவு, எத்தனை அடி, எத்தனை மணிக்கு என்ற மூன்றும் வேண்டும். அனர்த்த முகாமைத்துவப் பிரிவின் அறிக்கையில் பாதிக்கப்பட்ட குடும்பம், நபர், முகாமில் உள்ளோர் என்று தனித்தனி நிரல்கள் இருக்கும். முகாமில் உள்ளவர் பாதிக்கப்பட்டோர் கணக்கிலும் இருக்கிறார். இரண்டையும் கூட்டினால் ஒரே ஆளை இரண்டு முறை எண்ணியதாகும்.

இனி வசனத்தைத் திருத்தினால் இப்படி வரும் (எண்கள் உதாரணத்துக்கு): "மூன்று நாள் மழையில் இந்தக் கண்டத்தில் விதைத்த 340 ஏக்கரில் 210 ஏக்கர் நீரில் மூழ்கியிருப்பதாக வட்டவிதானை தெரிவித்தார். பயிருக்கு 45 நாள் வயது." கவலையென்ற சொல்லே இல்லை. வாசிக்கும் கமக்காரருக்கு அது தானாகவே விளங்கும்.

கல்லடிக் கடற்கரையில் மீனவர் ஒருவரைப் போனில் பதிவு செய்தேன். காற்றிரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. மென்பொருளால் திருத்தலாமா?
– மாணவி, காத்தான்குடி

முழுதாகத் திருத்த முடியாது. காற்று ஒலிவாங்கியை நேரே அடிக்கும்போது வரும் குமுறல் குரலின் மேலேயே படிந்துவிடும். அதை வெட்டினால் குரலும் தகரத்தில் அடித்ததுபோல ஆகும். திரும்பப் போய் எடுப்பதே வழி.

அடுத்த முறை அவரை ஒரு படகின் மறைவில் அல்லது நிறுத்திய வாகனத்துக்குள் இருத்துங்கள். உங்கள் முதுகு காற்றைத் தடுக்கும்படி நில்லுங்கள். போனின் அடிப்பக்கத்தில்தான் ஒலிவாங்கித் துளை இருக்கும், அதை விரல் மூடாமல், அவர் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேரே முன்னால் அல்லாமல் சற்றுப் பக்கமாகப் பிடியுங்கள். சட்டையில் குத்தும் சிறிய மைக் இருந்தால் நாடிக்குக் கீழே ஒரு சாண், மேலே பஞ்சுறை. விமான நிலையில் (flight mode) போனைப் போடாவிட்டால் முக்கியமான இடத்தில் அழைப்பு வந்து பதிவு அறுந்துபோகும். பத்து விநாடி பதிந்து காதுக்கருவியில் கேட்ட பிறகே கேள்வியைத் தொடங்குங்கள். ஒலி அளவு உச்சத்திலும் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது. முடிந்ததும் யாரும் பேசாமல் 30 விநாடி அலையோசையைத் தனியே எடுத்து வையுங்கள், வெட்டி ஒட்டும் இடங்களை அது மூடும். 48 கிலோஹேர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத்தட ஒலிக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 எம்.பி. இடம் தேவை.

மகள் ஊடகம் படிக்கப் பிடிவாதமாக நிற்கிறாள். பயமாக இருக்கிறது. வேலையும் கிடைக்குமா தெரியாது.
– ஒரு தாய், திருக்கோவில்

அம்மா, உங்கள் பயம் வெறும் பயமல்ல. 2004 மே 31 அன்று ஊடகவியலாளர் ஐயாத்துரை நடேசன் மட்டக்களப்பு நகரிலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். மறு ஆண்டு ஏப்ரலில் மட்டக்களப்பு மண்ணின் மகனான ஊடகவியலாளர் சிவராம் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். அதை மறைத்து யாரும் உங்களுக்கு ஆறுதல் சொல்லக் கூடாது. மகள் வெளிக்களம் போகும்போது எங்கே, யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவாள் என்பது வீட்டிலும் துறையிலும் ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும். துறைத் தலைவரின் கடிதமும் மாணவர் அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும்.

வேலையைப் பொறுத்தவரை, பிரதேசச் செய்தியாளர் என்ற பெயரில் பத்திக் கணக்கில் பணம் வாங்கும் வேலையை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. ஆனால் பட்டத்தோடு சிங்களமும் ஆங்கிலமும் ஒலி, காணொளித் தொகுப்பும் தெரிந்தால் ஊடக நிறுவனத்தோடு தொண்டு நிறுவனத் தொடர்பாடல் பிரிவு, மொழிபெயர்ப்பு, உயர்தர ஊடகப் பாடம் கற்பித்தல் என்று வழி விரியும். இரண்டாம் மொழியை முதலாம் வருடத்திலேயே தொடங்கச் சொல்லுங்கள்.

இறுதி வருட ஆய்வுச் செய்திக்கு எங்கள் ஊர் வீதி பற்றித் தகவல் அறியும் சட்டத்தில் விண்ணப்பித்தேன். "எங்களுக்குரியதல்ல" என்று பிரதேச சபை பதில் அனுப்பிவிட்டது. ஒப்படைக்க இரண்டு மாதமே இருக்கிறது.
– மாணவர், அக்கரைப்பற்று

முதலில் வீதி யாருடையது என்று பாருங்கள். ஏ, பி வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. பொத்துவிலிலிருந்து அக்கரைப்பற்று, கல்முனை வழியாக மட்டக்களப்புக்கு வரும் பிரதான வீதி ஏ4. சி, டி வகுப்பு மாகாணத்துக்கு. உள்ளூர் ஒழுங்கைகளே பெரும்பாலும் சபைக்கு.

அடுத்தது கேள்வி. "வீதி ஏன் போடவில்லை?" என்று கேட்டால் ஒன்றும் வராது, சட்டம் தருவது ஆவணங்களை. வீதியின் பெயர், தொடங்கும் இடம், முடியும் இடம், ஆண்டு ஆகியவற்றைக் குறித்து மதிப்பீட்டுப் பத்திரம், ஒப்பந்தம், கொடுப்பனவு வவுச்சர் என்று தனித்தனியே கேளுங்கள். மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட காலத்து ஆவணங்களைக் கேட்டால் இழுபடும். தமிழிலேயே எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. பெற்றுக்கொண்டதற்கான சீட்டை வாங்காமல் திரும்ப வேண்டாம்.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். தருவதென்றால் மேலும் 14 நாள், காரணம் காட்டினால் அதற்கு மேலும் 21 நாள் வரை நீளும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் (மேன்முறையீட்டைக் கேட்க அந்த நிறுவனம் நியமித்தவர்) மேன்முறையீடு, முடிவு சொல்ல அவருக்கு மூன்று வாரம். பிறகு இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடம் போகலாம். கூட்டிப் பாருங்கள்: மறுப்பு வந்தால் உங்கள் இரண்டு மாதம் முடிந்துவிடும். எனவே சரியான அலுவலகத்துக்கு இன்றே விண்ணப்பியுங்கள். அதேவேளை வீதியை நீங்களே அளந்து, குழிகளைத் திகதியோடு படமெடுத்து, முச்சக்கரவண்டிச் சாரதிகளையும் பாடசாலை அதிபரையும் கண்டு செய்தியை எழுதத் தொடங்குங்கள். ஆவணம் வராவிட்டால் விண்ணப்பித்த திகதியையும் கிடைத்த பதிலையும் அப்படியே எழுதுங்கள். அதுவும் செய்தியின் பகுதியே.

பாமினி எழுத்துருவில் தட்டிய கட்டுரையை யுனிகோடுக்கு மாற்றினால் இடையிடையே புரியாத எழுத்து வருகிறது.
– வாசகர், ஏறாவூர்

பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் சேமிக்கப்படுகின்றன. ஆகவே கட்டுரைக்குள் ஆங்கிலத்தில் தட்டிய மின்னஞ்சல் முகவரி, நிறுவனப் பெயர் எல்லாவற்றையும் மாற்றும் மென்பொருள் தமிழென்றே எண்ணிப் பெயர்த்துவிடும். தமிழ்ப் பந்திகளை மட்டும் தனியே மாற்றுங்கள். மாற்றிய பின் கொ, கோ, கௌ வரும் சொற்களையும், அரவுக்கு ("ா" குறி) பதில் "ர" விழுந்த இடங்களையும் தேடுங்கள், இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். ஆட்பெயர்களைக் கடைசியாகக் குறிப்புப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள்.