ஈயமும் தாலியமும் ஒரே முகடாக வந்தால் வகைக்கெழு பிரித்துத் தருமா?

கேள்வி: பாதரசப் படல மின்வாயில், நேர்கோட்டு வருடலுடன் (மின்னழுத்தத்தைச் சீராக நகர்த்துவது) கூடிய ஆனோடிக் ஸ்ட்ரிப்பிங் முறையில் (உலோகத்தை மின்வாயில் படியவைத்து, பின் கரைத்து, அப்போது எழும் மின்னோட்ட முகட்டை அளப்பது) நீர் மாதிரிகளில் தாலியத்தை அளக்கிறேன். ஈயம் மிகுந்த மாதிரிகளில் இரண்டும் ஒட்டி ஒரே முகடாகத் தெரிகின்றன. மென்பொருளில் இரண்டாம் வகைக்கெழுவை (வளைவின் சாய்வு மாறும் வீதம்) எடுத்தால் இரண்டும் தனித்தனியே தெரிகின்றன. அந்த உயரத்தைக் கொண்டு, ஸ்டாண்டர்டு அடிஷன் (அறிந்த அளவு தாலியத்தைப் படிப்படியாகச் சேர்த்து அளப்பது) வழியாகத் தாலியத்தைக் கணக்கிடலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் வரைபடத்தில் ஈயம் மறைந்துவிடவில்லை. கண்ணுக்குத் தெரியும் வடிவம்தான் மாறியிருக்கிறது. மெல்லிய பாதரசப் படலத்தில் மெதுவாக வருடும்போது ஸ்ட்ரிப்பிங் முகட்டின் அரை உயர அகலம் ஏறத்தாழ 75.5/n மில்லிவோல்ட் (n என்பது ஓர் அணு இழக்கும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை). ஒரு எலக்ட்ரானை இழக்கும் தாலியத்துக்கு இது சுமார் 76, இரண்டை இழக்கும் ஈயத்துக்கு சுமார் 38. குளோரைடு போன்ற ஊடகங்களில் இவ்விரண்டின் இடைவெளி 60 மில்லிவோல்ட் அளவுதான் என்பதால், அகன்ற தாலிய முகட்டின் ஒரு பக்கத்தில் ஈயம் ஏறி உட்கார்ந்துவிடுகிறது.

இரண்டாம் வகைக்கெழுவின் உயரம் முகட்டின் அகலத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் அமைகிறது. ஆகவே மூல வரைபடத்தில் சம உயரமாக இருந்த இரு முகடுகளில் ஈயம் நான்கு மடங்கு உயர்த்திக் காட்டப்படும். நீங்கள் தேடும் தாலியமோ அமுங்கிப்போகும். போதாததற்கு, முகட்டை மணி போன்ற காஸ் வடிவமாகக் கொண்டால், ஈயத்தின் மையத்திலிருந்து இருபுறமும் 28 மில்லிவோல்ட் தள்ளி, மைய உயரத்தில் கிட்டத்தட்ட பாதி ஆழத்துக்கு எதிர்த்திசைப் பள்ளங்கள் தோன்றும். அவற்றில் ஒன்று தாலிய முகட்டின் சரிவின்மேல் விழுந்து அதன் வடிவத்தைக் குலைக்கும். அடர்ந்த தாலியத்துக்கு நடுவே சிறிதளவு ஈயத்தைக் கண்டுபிடிக்க இம்முறை பயன்படலாம். உங்கள் தேவை அதற்கு நேர் எதிரானது.

ஸ்டாண்டர்டு அடிஷன் இதைச் சரிசெய்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வகைக்கெழு என்பது நேரியல் செயல். எனவே தாலியத்தின் இடத்தில் ஈயம் தரும் பங்கு, நீங்கள் எவ்வளவு தாலியம் சேர்த்தாலும் மாறாமல் அப்படியே கூடிக்கொண்டிருக்கும். கோடு அழகாக நேராக வரும், சாய்வும் சரியாக இருக்கும். மாதிரியின் தாலிய அளவைத் தரும் வெட்டுப்புள்ளியில் மட்டும் ஈயத்தின் பங்கும் கலந்து தவறான அளவைச் சொல்லும். நேர்கோட்டுப் பொருத்தம் நன்றாக இருப்பதாலேயே இந்தப் பிழை எவர் கண்ணிலும் படாமல் தப்பிவிடுகிறது.

சேகரிப்பு மின்னழுத்தத்தை (உலோகத்தைப் படியவைக்கும்போது தருவது) மட்டும் கட்டுப்படுத்தியும் பிரிக்க முடியாது. தாலியம் ஈயத்தைவிட எதிர் மின்னழுத்தப் பக்கம் ஒடுங்குவதால் (எலக்ட்ரானைப் பெற்று உலோகமாவதால்), அதைப் படியவைக்கும் எந்த மின்னழுத்தமும் ஈயத்தையும் படியவைத்தே தீரும். ஆகவே முதலில் வேதியியலை மாற்றுங்கள். பி.எச். 4.5 அளவிலுள்ள அசிட்டேட் பஃபரில் போதுமான அளவு இ.டி.டி.ஏ. (உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் சேர்மம்) சேருங்கள். பிடிப்பின் வலிமையைக் காட்டும், இ.டி.டி.ஏ.வுடனான நிலைப்பு மாறிலியின் மடக்கை ஈயத்துக்கு 18, காட்மியத்துக்கு 16.5, ஒற்றை இணைதிறன் தாலியத்துக்கு 6.5 அளவில் இருக்கிறது. அந்த அமிலத்தன்மையில் மூன்று மடக்கைகளுமே ஏழுக்கு மேல் குறைந்துவிடுவதால் தாலியம் நடைமுறையில் கட்டுண்ணாமலே நிற்கும். ஈயமும் காட்மியமும் இறுகப் பிடிபட்டு வெகுவாக எதிர்ப்பக்கம் நகரும்.

மின்னழுத்தக் கட்டுப்பாடு இப்போதுதான் உண்மையில் உதவும். தாலியம் படிய வேண்டும், ஆனால் ஈயத்தின் இ.டி.டி.ஏ. அணைவு ஒடுங்கக் கூடாது. இந்த எல்லையை நூல்களிலிருந்து எடுக்காமல் உங்கள் மின்வாயிலேயே கண்டறியுங்கள்: தாலியம் இல்லாத, ஈயமும் இ.டி.டி.ஏ.வும் மட்டுமே உள்ள கரைசலில், சேகரிப்பு மின்னழுத்தத்தை 50 மில்லிவோல்ட் படிகளாக எதிர்ப்பக்கம் கொண்டு சென்று, ஸ்ட்ரிப்பிங் முகடு முதலில் எங்கே தலைகாட்டுகிறது என்று பாருங்கள். அதற்கு 100 மில்லிவோல்ட் முன்னதாகவே நின்றுகொள்ளுங்கள். மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்க உதவும் மேற்கோள் மின்வாயின் மின்னழுத்தம் நகர்ந்தால் இந்த எல்லையும் நகரும் என்பதால், புதிய மேற்கோள் மின்வாயைப் பொருத்தும் ஒவ்வொரு முறையும் சரிபார்ப்பது நல்லது.

நேர்கோட்டு வருடலுக்குப் பதில் டிஃபரன்ஷியல் பல்ஸ் முறையைப் பயன்படுத்துவதும் நன்று. இது கணித வகைக்கெழு அன்று. ஒவ்வொரு மின்னழுத்தத் துடிப்புக்கும் முன்னும் அதன் இறுதியிலும் மின்னோட்டத்தை அளந்து வேறுபாட்டை எடுக்கிறது. மின்வாய்ப் பரப்பு மின்னேற்றம் பெறுவதால் எழும் மின்தேக்க மின்னோட்டம் அடுக்குக்குறி வேகத்தில் சரிவதால் துடிப்பின் முடிவில் அது பெருமளவு தீர்ந்துபோயிருக்கும். துடிப்பின் உயரத்தை 25 மில்லிவோல்ட் அளவில் வையுங்கள். 100 என்று வைத்தால் முகடு பெரிதாகும், ஆனால் அகலமும் கூடிப் பிரிதிறன் கெடும். மின்வழங்கல் 50 ஹெர்ட்ஸ் எனில் மின்னோட்டத்தைச் சராசரி எடுக்கும் நேரத்தை 20 மில்லிநொடியாக வைத்தால் அதன் இரைச்சல் அடிபட்டுப்போகும்.

இத்தனைக்கும் பிறகு சாய்ந்த அடிக்கோடு தொந்தரவு தந்தால் இரண்டாம் வகைக்கெழுவைத் தாராளமாக எடுக்கலாம். நேர்கோட்டுச் சாய்வை அது முழுமையாக நீக்கிவிடும். வகைக்கெழு வேகமான இரைச்சலைப் பெருக்கும் என்பதால் வளைவை மென்மையாக்கும் சவிட்ஸ்கி-கோலே வடிகட்டியுடன் சேர்த்தே எடுங்கள். மின்னழுத்தப் படி 2 மில்லிவோல்ட் எனில் தாலிய முகட்டின் அரை உயர அகலத்துக்குள் 38 புள்ளிகள் விழும். அதில் பாதிக்கு மேல் போகாமல் வடிகட்டிக்கு 15 அல்லது 17 புள்ளிச் சாளரத்தைத் தேர்ந்து, மாதிரி, தாலியம் இல்லாத வெற்றுக் கரைசல், சேர்த்த தரக்கரைசல்கள் அனைத்துக்கும் அதையே மாற்றாமல் பயன்படுத்துங்கள்.