கலங்கிய நீரில் கடல் நத்தை: கேள்வி பதில்

கே: ஆஸ்திரேலியாவின் நெல்சன் பேயில், ஃபிளை பாயின்ட் கரையிலிருந்து டைவ் போனோம். மூன்று மீட்டருக்கு மேல் தெரியவில்லை, நியூடிபிராங்க் (ஓடில்லாத கடல் நத்தை) ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. தெளிந்த நாளுக்குக் காத்திருக்கலாமா?

ப: மூன்று மீட்டர் தாராளம். விரல் நகம் அளவு உயிரை எப்படியும் ஒரு முழத் தூரத்தில்தான் பார்க்கப் போகிறீர்கள். எத்தனை மணிக்கு இறங்கினீர்கள்? அங்கே கடல் ஏற்றம் உச்சிக்கு வந்து நீர் நிற்கும் நேரத்தை ஒட்டித்தான் இறங்க வேண்டும், அப்போது வெளிக்கடலின் தெளிந்த நீர் உள்ளே வந்திருக்கும், இழுப்பும் அடங்கியிருக்கும். நீர் வடியும் வற்றம் பிடித்துவிட்டால் எதிர்த்து நீந்த முயலாதீர்கள். அப்புறம், முதலில் நத்தையின் தீனியைப் பாருங்கள். பல இனங்கள் ஏதோ ஒருவகைக் கடற்பஞ்சையோ ஹைட்ராய்டையோ (செடிபோல ஒட்டி வளரும் சிறு கடலுயிர்) மட்டுமே தின்பவை. ரிப்பனைச் சுருட்டி ஒட்டியதுபோல முட்டைகள் தெரிந்தால் அந்த இடத்திலேயே பொறுமையாகத் தேடுங்கள்.

கே: கடல் அட்டையைத்தானே சொல்கிறீர்கள்? கிலோ என்ன விலை?

ப: இல்லை. அது வேறு உயிர், நட்சத்திர மீனின் உறவு. இது ஓடில்லாத நத்தை.

கே: வெள்ளை உடம்பு, சிவப்புப் புள்ளி, மஞ்சள் ஓரம். கோனியோபிராங்கஸ் ஸ்ப்ளெண்டிடஸ்தானே? நண்பர் ஹிப்செலோடோரிஸ் பென்னட்டி என்று அடித்துச் சொல்கிறார்.

ப: புள்ளியை வைத்துச் சண்டை போடாதீர்கள். அந்தக் கரையில் இதே உடுப்பில் பல இனங்கள் உண்டு. எல்லாமே மீனுக்குக் கசப்பானவை, அதனால் மீன் ஒன்றைக் கடித்துப் பாடம் படித்தால் மற்றவையும் தப்பிக்கின்றன. கிளாத்தி மீன்களை வைத்துச் செய்த ஆய்வில், புள்ளியைவிட மஞ்சள் ஓரத்தைத்தான் அவை நினைவில் வைத்தன. பக்கவாட்டுப் படம் அனுப்புங்கள். உடம்பு ஒடுங்கி உயர்ந்திருந்தால் நண்பர் சொல்வது சரி, முதுகை மூடும் தோல் போர்வைபோலத் தட்டையாக அகன்றிருந்தால் நீங்கள் சொல்வது.

கே (அதே நண்பர்): புள்ளி சிறியது, எனவே பென்னட்டிதான்!

ப: ஸ்ப்ளெண்டிடஸின் புள்ளிகள் இடத்துக்கு இடம் மாறும். சில ஊர்களில் சிவப்பு மொத்தமாக ஒன்றுசேர்ந்தே இருக்கும். பக்கவாட்டுப் படம், தயவுசெய்து.

கே: கலங்கல் அதிகமானால் நத்தையைப் பாசியிலிருந்து மணலுக்கு மாற்றிப் படமெடுக்கலாமா?

ப: கூடாது. கைபட்டால் நசுங்கும், மணலில் அதற்கு இரையும் இல்லை. ஃபிளை பாயின்ட் பாதுகாப்புப் பகுதி வேறு.

கே: கடல் அட்டை கிடைக்குமா?

ப: மேலே சொல்லிவிட்டேன். இந்தியாவில் அதைப் பிடிப்பது 2001 முதல் தடை.

கே: எத்தனை மணிக்கு இறங்கலாம்?

ப: ஏற்றத்தின் உச்சிக்கு அரைமணி முன்னால் தயாராக நில்லுங்கள். நீர் நின்ற பிறகு உடுப்பு மாட்டத் தொடங்கினால் நேரம் போய்விடும்.