அமெரிக்கச் சிறுவர் விளையாட்டுக் கதைகளில் மாட் கிறிஸ்டோபருக்கு ஏன் இவ்வளவு பெயர்?

அமெரிக்கப் பள்ளி நூலகங்களில் மாட் கிறிஸ்டோபரின் பெயர் இத்தனை ஆண்டுகளாக நிலைத்திருப்பதற்கு அவருடைய எழுத்து காரணமா, அல்லது அவர் எழுதிக் குவித்த புத்தகங்களின் எண்ணிக்கை காரணமா என்பது கேள்வி. நூற்றுக்கும் மேற்பட்ட புத்தகங்கள் எழுதியவர் என்பதால் எண்ணிக்கையை ஒதுக்கிவிட முடியாது. ஆனாலும், ஆட்டத்தில் சுமாரான ஒரு சிறுவனின் மனத்தில் ஓடும் பயத்தை அவர் அளவுக்குத் தெரிந்து எழுதியவர்கள் குறைவு என்பதே என் பதில். அந்த அறிவு அவருடைய வாழ்க்கையிலிருந்து வந்தது என்பதால் முதலில் அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1917 ஆகஸ்ட் 16 அன்று பென்சில்வேனியாவின் பாத் என்னும் ஊரில், ஒன்பது பிள்ளைகளில் மூத்தவராக அவர் பிறந்தார். தந்தை இத்தாலியர், தாய் ஹங்கேரியர். குடும்பம் பின்னர் நியூயார்க் மாநிலத்தின் இதாகா நகருக்கு அருகே குடியேறியது. லட்லோவில் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே பேஸ்பாலில் பெயர் எடுத்து, படிப்பு முடிந்தபின் உள்ளூர் அணிகளில் ஆடி, 1938இல் கனடிய-அமெரிக்க லீக்கில் ஸ்மித்ஸ் ஃபால்ஸ் அணிவரை போனார். தொழில்முறை ஆட்டத்தின் கீழ்ப்படிகளில் ஒன்று அது. அங்கும் அவரால் நீண்ட காலம் நிலைக்க முடியவில்லை. ஓரளவுக்குத் திறமை இருந்தும் மேலே போக முடியாதவனின் நிலைமை எப்படியிருக்கும் என்பதை இருபத்தொரு வயதிலேயே அனுபவித்துவிட்டவர் அவர்.

எழுத்தும் அதே காலத்தில்தான் தொடங்கியது. பதினெட்டு வயதில் ஒரு சிறுகதைப் போட்டியில் பரிசு பெற்றார். அதன் பிறகு அவர் பிடித்துக்கொண்டது துப்பறியும் கதைகளை. வாரத்துக்கு ஒரு கதை என்று நாற்பது வாரங்கள் எழுதிய பிறகே, 1941இல் முதல் கதை 50 டாலருக்கு விலைபோனது. 1952இல் வெளியான முதல் நாவலும் பெரியவர்களுக்கான துப்பறியும் கதைதான். இந்தப் பயிற்சியை வீண் என்று நான் நினைக்கவில்லை. சிறிய அத்தியாயங்கள், ஒவ்வொன்றின் முடிவிலும் அவிழாத ஒரு முடிச்சு, தேவையில்லாத வர்ணனைக்கு இடமே இல்லாத வாக்கியங்கள் என்று பின்னாளில் அவருடைய சிறுவர் நூல்களில் நாம் காண்பதெல்லாம் மலிவு விலைப் பத்திரிகைகளுக்கு எழுதிப் பழகிய கையின் வேலை.

சிராகியூஸ் நகரில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்துவந்த நாள்களில், சிறுவர்களுக்காக ஒரு பேஸ்பால் கதை எழுதலாமா என்று அவர் யோசனை கேட்டது அந்தப் பகுதியின் கிளை நூலகரிடம். விளையாட்டுக் கதைகள் எங்களுக்கு மிகவும் தேவை என்று அந்த அம்மையார் ஊக்கப்படுத்தியிருக்கிறார். நூலகத்துக்கு வரும் பையன்கள் எதைக் கேட்டு, கிடைக்காமல் திரும்புகிறார்கள் என்பது பதிப்பாளரைவிட நூலகருக்கு நன்றாகத் தெரியும் அல்லவா? அப்படி எழுதிய 'தி லக்கி பேஸ்பால் பேட்' 1954இல் லிட்டில், பிரவுன் பதிப்பகத்தின் வழியாக வந்தது. காலமும் பொருந்தி வந்தது. 1939இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் கார்ல் ஸ்டாட்ஸ் தொடங்கிய லிட்டில் லீக் என்னும் சிறுவர் பேஸ்பால் அமைப்பு, போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஊர் ஊராகப் பரவிக்கொண்டிருந்தது. சீருடை அணிந்து, பயிற்சியாளர் முன்னால், பெற்றோர் பார்க்க ஆடிய லட்சக்கணக்கான பிள்ளைகளில் பெரும்பாலோர் சுமாராக ஆடியவர்கள்தானே! அவர்களுக்கென்று ஒரு கதாசிரியர் கிடைத்தார். ஆனாலும் மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு முழுநேரமும் எழுதும் துணிவு அவருக்கு 1963இல்தான் வந்தது.

அவருடைய நூல்களில் 1964இல் வந்த 'கேட்சர் வித் எ கிளாஸ் ஆர்ம்' எனக்கு மிகவும் பிடித்தது. மட்டையாளருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவரே கேட்சர். நம் விக்கெட் கீப்பர் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஜோடி என்னும் சிறுவன் அந்த இடத்தில் ஆடுகிறான், ஆனால் எதிரணியினர் தளம் திருடி ஓடும்போது, அதாவது பந்து அடிபடுவதற்குக் காத்திராமல் அடுத்த தளத்துக்கு ஓடும்போது, இரண்டாம் தளம்வரை பந்தை எறியும் வலு அவன் கையில் இல்லை. அது போதாதென்று மட்டைபிடிக்கும்போது பந்து அவன்மீது பட்டுவிடுகிறது. அதன் பிறகு பந்து வரும்போதெல்லாம் அவனை அறியாமலே கால் பின்வாங்குகிறது. ரப்பர் பந்தில் தெருவில் ஆடிவிட்டு, முதன்முறையாகக் கார்க் பந்துக்கு முன்னால் நின்றவர்களுக்கு இந்தப் பயத்தை விளக்க வேண்டியதில்லை. சரியாக ஆட வேண்டும் என்று மூளை சொல்லும், கால் கேட்காது. இந்தச் சிறிய இடைவெளியை வைத்தே ஒரு முழுப் புத்தகத்தையும் நடத்திவிடுகிறார்.

மைதானத்துக்கு வெளியே உள்ளவற்றையும் அவர் தொட்டிருக்கிறார். 'லாங் ஷாட் ஃபார் பால்' கதையில், மனவளர்ச்சி குன்றிய ஒரு சிறுவனுக்கு அவனுடைய சகோதரனும் சகோதரியும் கூடைப்பந்து கற்றுக்கொடுத்து அணியில் சேர்க்க முயல்கிறார்கள். இது 1966இல் வந்தது என்பதை நினைவில் வைத்துப் படிக்க வேண்டும். 'நோ ஆர்ம் இன் லெஃப்ட் ஃபீல்ட்' புதிய ஊருக்குக் குடிவந்த கறுப்பினச் சிறுவனை நிறவெறியோடு நடத்தும் சக ஆட்டக்காரனைக் காட்டுகிறது. 'தி ஃபாக்ஸ் ஸ்டீல்ஸ் ஹோம்' பெற்றோர் பிரிந்துவிட்ட வீட்டின் கதை. எதிலும் பிரசங்கம் இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் அடுத்த ஆட்டம் வந்து பிரசங்கத்தைச் சீக்கிரம் நிறுத்திவிடுகிறது.

குறைகளும் உண்டு. நடை தட்டையானது, துணைப் பாத்திரங்களைப் புத்தகத்தை மூடியதும் மறந்துவிடுவோம், பத்துப் புத்தகங்கள் படித்தவருக்குப் பதினொன்றாவதின் போக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அந்தத் தெரிந்த போக்குதான் வேண்டியிருக்கிறது என்பது வேறு விஷயம். புத்தகத்தைக் கண்டால் ஓடும் என் மகன் இவர் எழுதிய ஒன்றை முடித்துவிட்டு, இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டபோது நடையைப் பற்றிய என் அபிப்பிராயத்தை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

வழக்கமான தடத்திலிருந்து அவர் நன்றாக விலகிய இடம், 1972இல் வந்த 'தி கிட் ஹூ ஒன்லி ஹிட் ஹோமர்ஸ்'. சரியாக ஆடத் தெரியாத சில்வெஸ்டரை ஜார்ஜ் பாருத் என்னும் பருத்த மனிதர் சந்தித்து ஊக்கம் தருகிறார். அதன் பிறகு அவன் அடிப்பதெல்லாம் ஹோம் ரன், நம் சிக்ஸர் மாதிரி. ஹோம் ரன்களுக்குப் பெயர்போன பேஸ்பால் வீரர் பேப் ரூத்தின் இயற்பெயர் ஜார்ஜ் என்பதையும், அவர் 1948இலேயே இறந்துவிட்டார் என்பதையும் அறிந்த வாசகர் புரிந்துகொள்ளட்டும் என்று ஆசிரியர் விட்டுவிடுகிறார்.

1997 செப்டம்பர் 20 அன்று வட கரோலினாவின் சார்லட் நகரில் அவர் காலமானார். ஆனால் அட்டையில் அவர் பெயரைத் தாங்கிய புதிய நூல்கள் நிற்கவில்லை. குடும்பத்தினர் அந்தப் பெயரை வணிகச் சின்னமாக்கிக்கொள்ள, ஸ்டெஃபனி பீட்டர்ஸ் போன்ற வேறு எழுத்தாளர்கள் நாவல்களை எழுதினார்கள்; விளையாட்டு வீரர்களின் வாழ்க்கை வரலாறுகள் பலவற்றை எழுதியவர் கிளென் ஸ்டௌட். அவை மோசமானவை அல்ல, ஆனால் கீழ்ப்படி லீக்கில் ஆடித் திரும்பிய ஒருவர் எழுதியவையும் அல்ல. எனவே பிள்ளைகளுக்கு வாங்கும்போது அட்டையில் உள்ள பெயரோடு நிறுத்திக்கொள்ளாமல், பதிப்புரிமைப் பக்கத்தைத் திருப்பி, வாசகத்தை எழுதியவர் என்று வேறொரு பெயர் சிறிய எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பேஸ்பால் விதிகள் தெரியாத பிள்ளையாக இருந்தால் 'லாங் ஷாட் ஃபார் பால்' நூலில் தொடங்கலாம். கூடைப்பந்து நம் பள்ளிகளிலும் உண்டு.