உங்கள் குரலுக்கு உரிய வேலை எது? – வாசகர் கேள்வி பதில்

குரல் கலைஞராக விரும்புவோரிடமிருந்து கேள்விகளை வரவேற்றிருந்தோம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்கள் மிகுதியாக இருந்தமையால், இந்த முறை அவற்றுக்கு மட்டுமே பதில் எழுதுகிறேன். பெயர்களைத் தவிர்த்து ஊர்களை மட்டும் குறித்துள்ளோம்.

கேள்வி: ஐயா, நான் தனியார் பள்ளியில் தமிழாசிரியையாகப் பணியாற்றுகிறேன். பள்ளி ஆண்டு விழாக்களை நான்தான் தொகுத்து வழங்குவேன். கேட்பவர்கள் எல்லாரும், "இந்தக் குரலை வைத்துக்கொண்டு ஏன் இங்கே இருக்கிறாய், சென்னைக்குப் போ" என்கிறார்கள். குடும்பத்தை விட்டுப் போக இயலாது. ஊரில் இருந்தபடியே குரல் கலைஞராக முடியுமா?
– வாசகி, பென்னாகரம்

பதில்: முடியும். ஆனால் எந்த வகைக் குரல் கலைஞர் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். நம் ஊரில் இந்தத் தொழில் என்றாலே திரைப்பட டப்பிங் என்று நினைத்துவிடுகிறோம். திரையில் ஓடும் உதட்டசைவுக்கு ஏற்ப, ஒலிப்பதிவாளரும் இயக்குநர் தரப்பினரும் உடனிருக்கப் பேச வேண்டிய அந்த வேலைக்குச் சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களுக்குச் செல்வதும், பெரும்பாலும் டப்பிங் கலைஞர்கள் சங்கத்தில் உறுப்பினராவதும் தேவைப்படும். அதை ஊரிலிருந்து செய்வது கடினம். ஆனால் இணையவழிப் பாடங்கள், ஒலிப்புத்தகங்கள், நிறுவனங்களின் பயிற்சிப் படங்கள், வங்கிக்கோ மருத்துவமனைக்கோ தொலைபேசியில் அழைத்தால் கேட்கும் வழிகாட்டுக் குரல், விளம்பரங்கள், ஆவணப் படங்களின் விவரிப்பு ஆகியவை பெரும்பாலும் ஒலிக்கோப்புகளாக அனுப்பப்படுபவை. அவற்றைப் பதிவு செய்தவர் வடபழனியில் இருக்கிறாரா, பென்னாகரத்தில் இருக்கிறாரா என்று யாரும் கேட்பதில்லை.

உங்கள் கடிதத்தில் என் கவனத்தை ஈர்த்தது நீங்கள் ஆசிரியை என்பதுதான். புரியாத குழந்தைக்குப் புரியும்படி ஒரு செய்தியைப் பிரித்துச் சொல்லும் பழக்கம் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. பாட ஒலிப்பதிவுகளுக்கும் ஒலிப்புத்தகங்களுக்கும் இனிமையைவிட அதுவே அதிகம் தேவை. திரைப்படத்தை மேலான வேலையாகவும் இதைக் கீழான வேலையாகவும் எண்ண வேண்டாம். இரண்டுக்கும் வேண்டிய திறமைகள் வேறு வேறானவை, அவ்வளவுதான்.

விழா மேடையில் பேசுவது போல ஒலிவாங்கியின் முன் பேசக் கூடாது. மண்டபத்தில் ஐந்நூறு பேருக்குக் கேட்க வேண்டும் என்று உயர்த்திய குரல், காதில் கருவியை மாட்டிக்கொண்டு தனியாகக் கேட்பவருக்கு அந்நியமாக ஒலிக்கும். எதிரே அமர்ந்திருக்கும் ஒருவரிடம் சொல்வதாக நினைத்து வாசித்துப் பழகுங்கள். ஒரு தலையங்கம், ஒரு சிறுகதையின் பக்கம், ஒரு மருந்துப் பெட்டியில் உள்ள குறிப்பு ஆகிய மூன்றையும் பதிவு செய்து, மறுநாள் உரையைக் கையில் வைத்துக்கொள்ளாமல் கேளுங்கள். எந்த இடத்தில் பொருள் நழுவுகிறதோ அந்த இடம்தான் அன்றைய பாடம்.

தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. கேட்பவர் அதுவரை எல்லாவற்றையும் மனத்தில் ஏந்திக்கொண்டு காத்திருக்கிறார். வாசிப்பவரோ பெரும்பாலும் அந்த இடத்தில்தான் மூச்சுக் குறைந்து குரலை விழவிடுகிறார், முழு வாக்கியமும் வீணாகிறது. அதேபோல, ‘நேற்று வந்த ஆசிரியரின் மகன்’ என்ற தொடரில் நேற்று வந்தவர் ஆசிரியரா, மகனா என்பதை எழுத்து சொல்லாது. நீங்கள் நிறுத்தும் இடம்தான் சொல்லும். ‘1965-இல் சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரி மாவட்டம்’ என்று ஒரு வரி வந்தால், ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்து’ என்பதைப் பதிவுக்கு முன்பே பென்சிலால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எண்ணில் தடுமாறும் குரலைக் கேட்பவர் நம்புவதில்லை. தமிழாசிரியையான உங்களுக்கு இவை எளிதில் கைவரும்.

பண்பலை 102.5-இல் ஒலிபரப்பும் தருமபுரி வானொலி நிலையம் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. அகில இந்திய வானொலி நிலையங்கள் பகுதிநேர அறிவிப்பாளர்களைத் தேவைப்படும்போது எழுத்துத் தேர்வு, குரல் தேர்வு வைத்து எடுக்கின்றன. வானொலி நாடகக் கலைஞர்களுக்கும் தனியாகக் குரல் தேர்வு நடத்தித் தரம் பிரிக்கிறார்கள். அறிவிப்பு வரும்போது தவறாமல் விண்ணப்பியுங்கள். மாதத்தில் சில நாள் பணியே கிடைத்தாலும், நேரத்துக்குள் பேசி முடிக்கும் ஒழுங்கை வானொலி கற்றுத் தருவதுபோல வேறெதுவும் கற்றுத் தராது என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: எங்கள் வீட்டில் கன்னடம் பேசுகிறோம், தெருவில் தெலுங்கு, பள்ளியில் தமிழ். நான் தமிழில் பேசினால் கன்னட வாடை அடிக்கிறது என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். எனக்கு இந்தத் துறையில் இடம் உண்டா?
– வாசகர், தளி

பதில்: தம்பி, இந்தக் கடிதங்களிலேயே அதிக வாய்ப்பு இருப்பது உங்களுக்குத்தான் என்று நினைக்கிறேன். ஓசூரிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. மென்பொருள், பயிற்சிக் காணொளி, விளம்பரம் ஆகிய துறைகளில் இயங்கும் நிறுவனங்கள் அங்கே ஏராளமாக உள்ளன. ஒரே செய்தியைத் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் வெளியிட வேண்டிய நிலை அவற்றுக்கு அடிக்கடி ஏற்படுகிறது. மூன்று மொழியிலும் ஒருவரே பேசுவது மட்டும் சிறப்பன்று; மொழிபெயர்த்து வந்த உரையில் பிழை இருந்தால் அதை உணர்ந்து சொல்லக்கூடியவராகவும் அவர் இருப்பார். நம் மாவட்டத்து இளைஞர்கள் சென்னையையே பார்த்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் பெங்களூருவை மறந்துவிடுவது எனக்கு நெடுநாளைய வருத்தம்.

ஆனால் உச்சரிப்பில் சலுகை எதிர்பார்க்க வேண்டாம். இன்றைய கன்னடத்திலும் தெலுங்கிலும் ழகரம் வழக்கில் இல்லை. ஆகவே உங்கள் நாக்கு அதை ளகரமாக்கிவிடும். ‘வாழை’, ‘வாளை’, ‘வாலை’ என்பன போன்ற இணைகளைத் தனிச் சொல்லாகச் சொல்லும்போது சரியாக வரும், வாக்கியத்தின் வேகத்தில் நழுவும். எனவே வாக்கியங்களாகவே பயிற்சி செய்யுங்கள். டெல்லியிலிருந்து ஆகாசவாணியின் தமிழ்ச் செய்திகளைப் பல்லாண்டுகள் வாசித்த, 2022-இல் மறைந்த சரோஜ் நாராயணஸ்வாமி, மும்பையில் வளர்ந்தவர். தமிழ்நாட்டு வீடுகள் திருத்தமான வாசிப்புக்கு அவருடைய குரலையே அளவாகக் கொண்டிருந்தன. கேலி செய்யும் நண்பர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: மூன்று மொழிக்கும் சேர்த்து ஒரே ஒரு மாதிரிப் பதிவை அனுப்பாதீர்கள். ஒவ்வொரு மொழிக்கும் தனியாக, அந்த மொழியில் நீங்கள் மிக நன்றாக வாசிக்கும் வகையிலேயே ஒரு நிமிட மாதிரி இருக்கட்டும். பின்னணி இசை வேண்டாம், உங்கள் குரலைத்தான் அவர்கள் கேட்க விரும்புகிறார்கள்.

கேள்வி: எங்கள் வீடு தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. லாரிச் சத்தம் ஓய்வதே இல்லை. அறை முழுவதும் பஞ்சு மெத்தை ஒட்டினால் சரியாகுமா? எந்த மைக் வாங்கலாம்?
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: மெத்தையும் ஜமக்காளமும் அறைக்குள் எழும் எதிரொலியைக் குறைக்கும், வெளியிலிருந்து வரும் லாரிச் சத்தத்தைத் தடுக்காது. அதைத் தடுப்பவை கனமான சுவரும் இடைவெளியில்லாத கதவும்தான். எனவே சாலையைப் பார்க்காத, சன்னல் இல்லாத உள்ளறையைத் தேர்ந்தெடுங்கள். துணிகள் நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து, அதை நோக்கிப் பேசினால் எதிரொலிக்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டியதில்லை. மின்விசிறியையும் குளிர்பதனப் பெட்டியையும் நிறுத்திவிடுங்கள். இரவு அமைதியாக இருக்கும் என்று எண்ணி இரவுப் பதிவுக்குத் திட்டமிடாதீர்கள். உங்கள் சாலையில் சரக்கு லாரிகள் இரவில்தான் அதிகம் ஓடுகின்றன. எந்த மணியில் சத்தம் தணிகிறது என்று ஒரு வாரம் கவனித்துக் குறித்து வைத்தால் அதற்கேற்பப் பணியை அமைத்துக்கொள்ளலாம்.

கண்டென்சர் மைக் நுட்பமானது, அதே நுட்பத்தோடு லாரியையும் பதிவு செய்யும். உங்கள் சூழலுக்கு, அருகில் பேசும் குரலை மட்டும் முதன்மையாக வாங்கும் டைனமிக் மைக் பொருந்தும். கணினியில் நேரடியாக யு.எஸ்.பி. வழியே இணையும் டைனமிக் மைக்குகளும் கிடைக்கின்றன. வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான இடைவெளி விட்டு, மூச்சுக் காற்று நேராக மோதாதபடி சிறிது பக்கவாட்டில் பேசுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளே தொடக்கத்துக்குப் போதும். அதில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை வடிகட்டினால் லாரியின் உறுமல் பெரிதும் குறையும். ஆனால் இரைச்சல் நீக்கும் வசதியை மிகையாகப் பயன்படுத்தினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும்.

தரத்துக்கு ஓர் அளவு வேண்டுமென்றால், ஆடிபிள் ஒலிப்புத்தகங்களுக்கான ஏ.சி.எக்ஸ். தளத்தின் விதியை வைத்துக்கொள்ளுங்கள்: சராசரி ஒலியளவு மைனஸ் 23 முதல் மைனஸ் 18 டெசிபலுக்குள், உச்சம் மைனஸ் 3-ஐத் தாண்டாமல், பின்னணி இரைச்சல் மைனஸ் 60-க்கும் கீழே. எதுவும் பேசாமல் பத்து விநாடி பதிவு செய்து பாருங்கள், உங்கள் அறையின் நிலை தெரிந்துவிடும். விலையுயர்ந்த மைக் வாங்கும் எண்ணத்தை, இந்தக் கடைசி அளவை எட்டும்வரை தள்ளிப் போடலாம்.

கேள்வி: தெருக்கூத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் விடிய விடியப் பாடிப் பழகிய குரல். ஒலிப்பதிவுக் கூடத்தில் நான் கத்துவதாகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதமாகத் தொண்டை கம்மியிருக்கிறது.
– வாசகர், பாலக்கோடு

பதில்: முதலில் தொண்டையைப் பாருங்கள். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் மருத்துவர் குரல்வளையை நேரில் பார்த்தாக வேண்டும்; தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு இந்த வாரமே செல்லுங்கள். குரல் நாண்களில் முண்டு விழுந்திருந்தால் ஓய்வும் குரல் பயிற்சியுமே பலருக்குப் போதுமானதாகிவிடும். வேறு காரணம் இருந்தால் அதையும் காலத்தில் அறிவது நல்லது. அதுவரை அடிக்கடி தொண்டையைச் செருமாதீர்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். கிசுகிசுத்துப் பேசுவதை ஓய்வு என்று எண்ணிவிடாதீர்கள். அதுவும் குரல் நாண்களுக்குச் சிரமம் தரும்.

குரல் தெளிந்த பிறகு, கூத்து கற்றுக் கொடுத்ததை ஒதுக்கிவிட வேண்டாம். நெடிய வசனத்தை ஒரே மூச்சில் தாங்குவது, துரியோதனனுக்கும் கர்ணனுக்கும் ஒரே இரவில் குரல் மாற்றுவது, பாரதத்தின் நீண்ட கதையை நினைவில் வைத்திருப்பது ஆகியவை நகரத்துப் பயிற்சி வகுப்புகளில் கிடைக்காதவை. குறைக்க வேண்டியது உரப்பு ஒன்றுதான். திறந்த வெளிக்காக வைத்த உணர்ச்சியை அப்படியே வைத்துக்கொண்டு, உரப்பை மட்டும் பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்குக் கதை சொல்லும் அளவுக்கு இறக்குங்கள். இதிகாசக் கதைகளையும் வரலாற்றுப் புதினங்களையும் ஒலிப்புத்தகமாக்குவோருக்கு உங்களைப் போன்ற குரல் மிகவும் தேவை.

கேள்வி: நடிகர்கள் பலரின் குரலில் பேசுவேன். இதை வைத்து டப்பிங்கில் நுழையலாமா?
– வாசகர், ஊத்தங்கரை

பதில்: பலகுரல் வேறு, டப்பிங் வேறு. நடிகர் மோகனுக்கு எஸ்.என்.சுரேந்தர் குரல் கொடுத்த படங்களைப் பார்த்தவர்கள் அதை மோகனின் குரலாகவே நம்பினார்கள். அவர் யாரையும் போலச் செய்யவில்லை, திரையில் இருந்த முகத்தின் உணர்ச்சியைப் பேசினார். கூர்ந்து கேட்கும் காது உங்களுக்கு இருக்கிறது என்பதற்குப் பலகுரல் நல்ல சான்று. அந்தக் காதைக் கொண்டு உங்கள் சொந்தக் குரலைக் கேட்கத் தொடங்குங்கள்.

கேள்வி: வாய்ப்புத் தருவதாகச் சொல்லிப் பதிவுக் கட்டணம் கேட்கிறார்கள். கட்டலாமா?
– வாசகி, அரூர்

பதில்: கட்டாதீர்கள். வேலை தருபவர் உங்களுக்குப் பணம் தர வேண்டியவர். பயிற்சிக்குக் கட்டணம் செலுத்துவதும் சங்கத்தில் விதிப்படி உறுப்பினர் கட்டணம் செலுத்துவதும் வேறு.

கேள்வி: ஒரு நிறுவனம் தொடர்பில்லாத ஆயிரக்கணக்கான வாக்கியங்களைப் படித்து அனுப்பச் சொல்கிறது. தொகை நன்றாகவே இருக்கிறது. செய்யலாமா? ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், காவேரிப்பட்டினம்

பதில்: தொடர்பில்லாத வாக்கியங்களை அவ்வளவு எண்ணிக்கையில் கேட்டால், பெரும்பாலும் கணினிக்குப் பேசக் கற்றுக்கொடுக்கத்தான் கேட்கிறார்கள். அது தவறான வேலையன்று. ஆனால் உங்கள் குரலைப் போலவே பேசும் இயந்திரம் ஒன்று அதிலிருந்து உருவாகலாம், நாளை உங்களுக்கு வர வேண்டிய வாய்ப்பை அதுவே செய்துவிடலாம். ஆகவே பல குரல்களோடு கலந்து பயன்படுத்துகிறார்களா, உங்கள் குரலையே படியெடுக்கப் போகிறார்களா என்பதை எழுத்தில் கேளுங்கள். படியெடுப்பதாக இருந்தால் ஒருமுறைத் தொகைக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். பயன்பாட்டுக்கு ஏற்ற பங்கும் கால வரம்பும் கேளுங்கள். மறுத்தால் அந்த வேலையை விட்டுவிடுவதே நல்லது என்பேன்.

சட்டம் உங்களுக்கு முற்றிலும் எதிராக இல்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 38-ஆம் பிரிவில், நிகழ்த்துக் கலைஞருக்கு ஐம்பது ஆண்டுகளுக்கான உரிமையை வழங்குகிறது. 2024 ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றம், பாடகர் அரிஜித் சிங்கின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் போலியாக உருவாக்குவதற்கு எதிராக இடைக்காலத் தடை விதித்தது. ஆயினும் நீங்களே கையொப்பமிட்டு எல்லா உரிமைகளையும் நிரந்தரமாக எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு வாதிடுவது கடினம்.

வழக்கமான பணிகளிலும், பதிவு எந்த ஊடகத்தில், எந்தப் பகுதியில், எவ்வளவு காலம் ஒலிக்கும் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். தருமபுரிப் பேருந்து நிலையத்தைச் சுற்றிவரும் ஆட்டோ விளம்பரத்துக்கும், மாநிலம் முழுவதும் தொலைக்காட்சியில் ஓராண்டு ஓடும் விளம்பரத்துக்கும் ஒரே தொகை வாங்குவது முறையன்று. உங்கள் வாசிப்புப் பிழையைக் கட்டணமின்றித் திருத்திக் கொடுங்கள். அவர்கள் உரையையே மாற்றினால் அது புதிய பதிவு, அதற்குத் தனித் தொகை உண்டு என்பதையும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். பதிவை வெட்டித் திருத்தப் பேசிய நேரத்தைப்போலச் சில மடங்கு நேரம் ஆகும் என்பதால், அந்த உழைப்பையும் சேர்த்தே தொகை சொல்லுங்கள். கோப்பை அனுப்பும் அன்றே விலைப்பட்டியலையும் அனுப்புங்கள். அதில் பணம் செலுத்த வேண்டிய கடைசி நாளும் உங்கள் பான் எண்ணும் இருக்கட்டும்.