அழ வைக்காத நாவல் உண்டா, அக்கா?

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரர் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. பட்டறையிலிருந்து கொலுசு வாங்கி வந்து வீட்டிலேயே வேலை செய்கிறேன். ராத்திரியில் தூக்கம் பிடிப்பதில்லை. கஷ்டத்தைத் தாங்கி நின்ற பெண்களின் நாவலாக இரண்டு மூன்று சொல்லுங்கள். அழ வைக்கக் கூடாது.
– ஒரு வாசகி, சிவதாபுரம், சேலம்

பதில்: கடைசி வரியைப் படித்ததும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த நிபந்தனைக்குக் கட்டுப்பட்டால் என் அலமாரியில் பாதி காலி. சரி, ஒன்று செய்வோம். 'ஐயோ பாவம்' என்று உச்சுக் கொட்டுகிற நாவல்களைத் தள்ளிவிடுகிறேன். துக்கம் கேட்க வந்தவர்களே அதை வேண்டிய மட்டும் சொல்லியிருப்பார்கள்.

முதலில் சு. தமிழ்ச்செல்வியின் 'அளம்'. வேதாரண்யம் பக்கத்து உப்புக்காட்டுக் கதை. பிழைக்கக் கப்பலேறிப் போன புருஷன் திரும்பி வரவில்லை. சுந்தராம்பாள் கையில் மூன்று பெண் பிள்ளைகள். விட்டுப் போனவனை நினைத்து உட்கார அவளுக்கு நேரமே கிடையாது, சாயங்காலம் உலையில் என்ன போடுவது என்பதுதான் கவலை.

இதைப் படித்தபோது எனக்கு என் அம்மா ஞாபகம். ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் பழம் பறித்தவள். அப்பா இறந்தது மார்கழியில், பறிப்பு மும்முரமாக நடக்கிற நேரம். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு பனியில் கிளம்பிவிட்டாள். லைன் வீட்டுப் பெண்கள் 'கல்நெஞ்சுக்காரி' என்றார்கள். எனக்குப் பன்னிரண்டு வயது. நானும் அப்படித்தான் நினைத்தேன், ரெண்டு நாள் அவளோடு பேசவில்லை. வீட்டில் அரிசி இல்லை என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நாற்பது தாண்டி 'அளம்' படித்த ராத்திரியில்தான், பழம் அளக்கிற இடத்தில் அவள் வரிசையில் நின்ற நிற்பு எனக்கு விளங்கியது. கேட்கலாமென்றால் அவள் இல்லை.

அடுத்தது இமையத்தின் 'கோவேறு கழுதைகள்', 1994-இல் வந்தது. ஊருக்குத் துணி வெளுக்கிற ஆரோக்கியத்தின் கதை. பிள்ளைப்பேறா, சாவா, அவள் இல்லாமல் நடக்காது. ஆனால் அவள் மகளுக்குக் கொடுமை நடந்தபோது ஊரில் நியாயம் கேட்க முடியவில்லை. மகனும் பெண்டாட்டியோடு பிரிந்து போகிறான். ஆரோக்கியத்தை வீராங்கனை என்று சொல்ல மாட்டேன். புலம்புவாள், கெஞ்சுவாள், கூலியாகக் கிடைக்கிற தானியத்துக்கு அல்லாடுவாள். எனக்கு அவளைப் பிடித்ததே அதனால்தான். ஆனாலும் இதை இப்போது எடுக்காதீர்கள். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டுக் கதை ஒன்று வேண்டுமென்றால் கார்க்கியின் 'தாய்'. தொ.மு.சி. ரகுநாதன் மொழிபெயர்ப்பு. புருஷனிடம் அடிபட்டே காலம் தள்ளியவள், அவன் செத்த பிறகு, மகனுடைய தோழர்கள் புழங்குகிற வீட்டில், நாற்பது வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்குகிறாள். அரசியல் பேச்சு சில இடங்களில் நீளும். நான் புரட்டிவிட்டுத்தான் போனேன்.

'அளம்' நூலகத்தில் கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள். விலைக்கு வாங்குவதானால் எழுத்து பெரிதாக இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்து வாங்குங்கள், பகலெல்லாம் கொலுசு பார்த்த கண்ணல்லவா.