அப்பாவின் கடைசி முகமும் மகிமையின் சரீரமும்

சகோதரருக்கு ஸ்தோத்திரம். புற்றுநோயில் உருக்குலைந்த அப்பாவின் கடைசி முகமே கண்ணில் நிற்பதாகவும், உயிர்த்தெழுதல் என்ற சொல் மனதில் இறங்காததாகவும், அழுவதுகூட அவிசுவாசமோ என்று கலங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். அழுங்கள். இறந்துபோன லாசருவை உயிரோடு எழுப்பப் போவதை அறிந்திருந்த ஆண்டவரே, அவனுடைய கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார்.

கனவீனமாய் விதைக்கப்படும் சரீரம் மகிமையுள்ளதாய் எழும் என்று 1 கொரிந்தியர் 15-ஆம் அதிகாரத்தில் பவுல் எழுதுகிறார். அவர் காட்டுவது கோதுமை மணியை. திசையன்விளைப் பக்கத்துத் தேரி என்னும் செம்மணல் காட்டில் வளர்ந்த எனக்கோ பனங்கொட்டைதான் நினைவுக்கு வருகிறது. சப்பி எறிந்த, நார் ஒட்டிக் கறுத்த கொட்டைகளைத் தாத்தா மணலில் புதைத்து வைப்பார். தை பிறக்கும் சமயம் தோண்டினால் ஒவ்வொன்றிலிருந்தும் கிழங்கு நீண்டிருக்கும். அந்தக் கொட்டையைப் பார்த்து ஒரு பனைமரத்தை யாராலும் ஊகிக்க முடியாது. நீங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்டதும் விதைக்கப்பட்ட நிலையைத்தான்.

இன்னொன்று, எனக்கு மிகவும் ஆறுதல் தந்தது: உயிர்த்த இயேசுவின் கைகளில் ஆணிக்காயம் இருந்தது, அதைச் சீடன் தோமாவுக்குக் காட்டினார். ஆகவே மகிமை உங்கள் அப்பாவை வேறொருவராக மாற்றிவிடாது. அவரை நீங்கள் அடையாளம் காண்பீர்கள், வலி மட்டும் இராது.

வரும் ஈஸ்டர் அதிகாலை ஆராதனை முடிந்ததும், வீட்டில் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போய், அவருடைய தலைமாட்டில் நின்று அந்த அதிகாரத்தை வாய்விட்டு வாசியுங்கள்.